கடைசியாக வந்தவருக்கே இடம்

ஹில்க்கா தொர்மனென் கத்த ஆரம்பித்தால் ஹிர்விகும்பு ஊரில் நாய்கள்கூடக் குரைப்பதை நிறுத்திவிடும். இதை அவள் முகத்துக்கு நேராகவே சொல்லலாம், சிரிப்பாள். அவள் பிறந்ததே காட்டுக்குள், மரம் வெட்டுகிறவர்களின் முகாமில். அம்மா அங்கே சமையல்காரி. ஒரு கொட்டகை நிறையப் பசித்த ஆண்கள், ஒரே ஒரு அடுப்பு. குரலை உயர்த்தினால்தான் காரியம் நடக்கும் என்பதை ஹில்க்கா நடக்கப் பழகுவதற்கு முன்பே பழகிக்கொண்டாள். வளர்ந்த பிறகு ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சமையலறைக்குப் போய், ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தாள். இன்றைக்கு ஊரில் மீசை வைத்துக்கொண்டு திரிகிற பலர் அவளிடம் திட்டு வாங்கி முள்ளங்கி தின்றவர்கள்தான்.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த புருஷன் என்சியோ. காட்டில் மரம் அறுக்கும் பெரிய இயந்திரம் ஓட்டியவன். நல்லவன், குடிக்கமாட்டான், கை நீட்டமாட்டான், ஆனால் அவனிடம் பேசுவதும் சுவரோடு பேசுவதும் ஒன்று. சுவர் குறைந்தபட்சம் எதிரொலியாவது தரும். அவன் வாயிலிருந்து வருவது ஒரே சொல்: பரவாயில்லை.

அப்பன் விட்டுப்போன ஏரிக்கரை நிலத்தை அண்ணன் எழுதி வாங்கிக்கொண்டான். பரவாயில்லை. இத்தனை வருஷம் அவன் ஓட்டிய இயந்திரத்தை முதலாளி தன் மருமகனுக்குக் கொடுத்துவிட்டு, இவனை மரக்கட்டை எண்ணும் வேலைக்குப் போகச் சொன்னான். பரவாயில்லை. பல்வலியில் கன்னம் வீங்கிப்போய்ச் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்திருப்பான். என்னடா என்று கேட்டால் பரவாயில்லை. எங்கள் பக்கத்து ஆண்கள் எல்லோருமே கொஞ்சம் இப்படித்தான். யாரையும் தொந்தரவு செய்யாமல் இருப்பதுதான் ஆண்மை என்று யார் இவர்கள் காதில் ஓதினார்களோ, அவரைக் கூப்பிட்டு நாலு கேள்வி கேட்க எனக்கும் ஆசைதான். ஆனால் என்சியோ அந்தக் கூட்டத்திலேயே ஒரு படி மேலே.

அந்தச் சொல்லை ஹில்க்கா எல்லாவற்றுக்கும் பொறுத்துக்கொண்டாள், ஒன்றைத் தவிர. கல்யாணமாகி மூன்றாவது வருஷம் அவர்களுக்குப் பெண் குழந்தை உயிரில்லாமல் பிறந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவளின் கட்டிலருகே என்சியோ வந்து நின்றான். தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தான். "பரவாயில்லை, சமாளிச்சுக்கலாம்" என்றான். அதற்கப்புறம் வீட்டுக்குப் போய், குளிர்காலம் முழுக்கத் தாங்குகிற அளவுக்கு விறகு பிளந்து அடுக்கினான். அவர்களுக்கு வேறு பிள்ளை பிறக்கவில்லை. அந்தப் பரவாயில்லையை ஹில்க்கா மன்னிக்கவே இல்லை.

இருந்தாலும் இருவரும் சேர்ந்து செய்கிற காரியம் ஒன்று இருந்தது. ஆண்டுதோறும் இலைகள் சிவக்கும் பருவத்தில் உப்புப் பாதையில் நடப்பது. முன்னொரு காலத்தில் எங்கள் ஊர்க்காரர்கள் தோலும் வெண்ணெயும் சுமந்து வடக்குக் கடல்வரை நடந்துபோய், உப்பும் காய்ந்த மீனும் கொண்டுவந்த வழி அது. இப்போது அதே வழியில் மரங்களில் வண்ணக் குறி போட்டு, சதுப்பின் மேல் பலகை போட்டு வைத்திருக்கிறார்கள். முதுகில் மூட்டையும் கையில் கரிபிடித்த காப்பிச் சட்டியுமாக இருவரும் கிளம்புவார்கள். பைன் மரங்களுக்கு நடுவே ஹில்க்கா பேசிக்கொண்டே முன்னால் போவாள், அவன் பின்னால் வருவான். காட்டில் அவன் பேசாமல் இருப்பது அவளுக்கு உறுத்துவதில்லை. அங்கே மரங்களும் பேசுவதில்லை அல்லவா.

அந்தப் பாதை நெடுகிலும் பூட்டில்லாத குடில்கள் உண்டு. இரும்பு அடுப்பு ஒன்று, ஒரு மேசை, சுவரோரமாகப் படுக்க நீளமான பலகை மேடை, வெளியே விறகுக் கொட்டகை. யார் வேண்டுமானாலும் தங்கலாம். சட்டம் ஒன்றுதான்: கடைசியாக வந்தவருக்கே இடத்தில் முதல் உரிமை. முதலில் வந்தவர் ஏற்கெனவே உடம்பைச் சூடாக்கிக்கொண்டு ஓய்வெடுத்தாயிற்று. பின்னால் நனைந்து வருகிறவருக்கு இடமில்லை என்றால், ஓய்வெடுத்தவர் எழுந்து போகவேண்டும். போகும்போது அடுத்தவருக்காகச் சுள்ளி சீவி அடுப்போரம் வைத்துவிட்டுப் போகவேண்டும். எழுதிப் போட்ட சட்டத்தை எல்லாம் ஏமாற்றுகிற ஆட்கள்கூட எங்கள் ஊரில் இதை மீறமாட்டார்கள்.

போன வருஷம் ஹில்க்காவுக்குக் காய்ச்சல். என்சியோ தனியாகப் போனான். ரிமுவாரா குடிலுக்கு மத்தியானமே போய்ச் சேர்ந்து, அடுப்பு மூட்டி, சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டான். சாயங்காலம் ஈரப்பனி கொட்ட ஆரம்பித்ததும் தெற்கே நகரத்திலிருந்து வந்த நான்கு பேர் தொப்பலாக நனைந்து உள்ளே நுழைந்தார்கள். மேடையில் நான்கு பேர்தான் வசதியாகப் படுக்கலாம். என்சியோ எழுந்தான். அவர்களுக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்தான், சுள்ளி சீவினான், மூட்டையைக் கட்டினான், பூட்ஸ் நாடாவை இழுத்துக் கட்டிக்கொண்டு வெளியே போனான். கூடாரம் கிடையாது. குடில்களை நம்பியே நடக்கிறவன். இருட்டில் சதுப்புப் பலகை வழுக்கி, கால் இடுக்கில் சிக்கித் தண்ணீருக்குள் போய்விட்டது. கணுக்கால் பிசகி, நனைந்த பூட்ஸோடு ஒரு தேவதாரு மரத்தடியில் விடியும்வரை கிடந்தான். இரவில் தண்ணீர் உறைந்தது. காலையில் கலைமான் தேடி வந்தவர்கள் கண்ணில் பட்டான். உயிர் தப்பியது, வலது காலில் விரல்கள் தப்பவில்லை.

அந்த நான்கு பேரைக் கிழித்துத் தொங்கவிடுவதென்றே ஹில்க்கா ஆஸ்பத்திரியில் காத்திருந்தாள். அவர்கள் சாக்லேட் பெட்டியோடு வந்து அழுதார்கள்.

"இருங்கன்னு எத்தனையோ தரம் சொன்னோம்மா. தரையில படுத்துக்கலாம்னு சொன்னோம். பக்கத்துலயே கூடாரம் போட்டிருக்கார்னு நினைச்சோம். பரவாயில்லை, பரவாயில்லைன்னு சொல்லிக்கிட்டே போயிட்டார்" என்றான் ஒருவன்.

அவர்கள் மேல் கோபப்பட வழியில்லாமல் போனது ஹில்க்காவை இன்னும் கொதிக்க வைத்தது. கட்டிலில் கால்கட்டோடு கிடந்தவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரு வருஷம் அவனுக்குக் கட்டு மாற்றினாள், பூட்ஸுக்குள் பஞ்சு அடைத்துக் கொடுத்தாள், நடக்கப் பழக்கினாள். வலிக்கிறதா என்று கேட்ட ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தான். இரவில் பல்லைக் கடிக்கிற சத்தம் மட்டும் கேட்கும். அதையும் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாமல் போனது, ஊர் அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியபோதுதான்.

வட்டாரப் பத்திரிகையில் அவன் படம் வந்தது. கடையில் ஆண்கள் அவன் தோளைத் தட்டினார்கள். கடைசியில் உப்புப் பாதைச் சங்கம் அவனுக்குப் பாராட்டு வைத்தது. பள்ளிக்கூடத்து மண்டபத்தில் காப்பி, சதுப்பில் விளைகிற மஞ்சள் பழம் வைத்த கேக், சட்டையில் குத்த ஒரு பதக்கம். சங்கத் தலைவர் உர்போ கொர்தெலா தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார்.

"இந்தக் காலத்துல நம்ம பாதையோட சட்டம் யாருக்குங்க ஞாபகம் இருக்கு? என்சியோவுக்கு இருந்துச்சு. தன் காலையே கொடுத்துச் சட்டத்தைக் காப்பாத்தின மனுஷன்! உண்மையான காட்டு மனுஷன்!"

கைதட்டினார்கள். என்சியோ கேக்கைப் பார்த்துத் தலை குனிந்தான். ஹில்க்கா எழுந்தாள்.

"உர்போ, உட்காரு" என்றாள்.

உர்போவும் அவளிடம் முள்ளங்கி தின்றவர்தான். உட்கார்ந்துவிட்டார்.

"கடைசியா வந்தவனுக்கு இடம் கொடுன்னு சட்டம் சொல்லுது. முதல்ல வந்தவன் செத்துப்போன்னு எங்க சொல்லுது? அந்தக் குடில்ல தரை இருந்துச்சு. மேசைக்கு அடியில இடம் இருந்துச்சு. கொஞ்சம் தள்ளிக்கங்கப்பான்னு ஒரு வார்த்தை! அதைச் சொல்ல இந்த மனுஷனுக்கு வாய் வரல. வாயில என்ன உருளைக்கிழங்கா வச்சிருந்தான்? அதுக்கு ஒரு கேக்கு, அதுக்கு ஒரு பதக்கம்!"

"அது அவன் பெருந்தன்மை, ஹில்க்கா" என்று பின்வரிசையிலிருந்து யாரோ முனகினார்கள்.

"பெருந்தன்மையா? நெஞ்சழுத்தம்! நீங்க எல்லாருமே அப்படித்தான். நெஞ்சு வலிச்சாலும் சொல்லமாட்டீங்க, சவப்பெட்டிக்குள்ள வச்சு மூடினாலும் உள்ள காத்து வரலைன்னு சொல்லமாட்டீங்க. அப்புறம் பொண்டாட்டிதான் உக்காந்து கட்டு மாத்தணும். இவன் செத்திருந்தா நான் யாரைத் திட்டுறது? சட்டத்தையா?"

ஹில்க்கா புருஷனைப் பார்த்துத் திரும்பினாள். குரல் தணிந்தது. அவள் குரல் தணிந்தால்தான் எங்களுக்குப் பயம்.

"என்சியோ, நான் நாளைக்குப் பாதையில நடக்கப்போறேன். தனியா. அந்தக் கோடியில இறங்கி பஸ் பிடிச்சுக் கெமியில இருக்குற என் தங்கச்சி வீட்டுக்குப் போயிடுவேன். திரும்ப வரமாட்டேன். போகாதேன்னு நீ ஒரு வார்த்தை சொல்லு, இருக்கேன். ஒரே வார்த்தை."

எல்லோரும் என்சியோவைப் பார்த்தார்கள். அவன் கழுத்து சிவந்தது. கடைசியில் அவன் சொன்னது மண்டபம் முழுக்கக் கேட்டது.

"பரவாயில்லை. உனக்கு எது நல்லதோ செய்."

மறுநாள் காலையில் ஹில்க்கா கிளம்பினாள். அவள் நடந்த நடையில் சதுப்புப் பலகைகள் அதிர்ந்தன. அவள் எங்கே உட்கார்ந்தாலும் தொத்திக்கொண்டு வருகிற காட்டுப் பறவை ஒன்று, ரொட்டித் துண்டு கேட்டுக் கிளைக்குக் கிளை தாவி வந்தது. "நீயாவது கேக்கிறியே" என்று அதற்குப் பாதி ரொட்டியைப் போட்டாள். முப்பத்தைந்து வருஷத்தையும் நடந்துகொண்டே வரிசையாக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் உரிய வசவை உரக்கச் சொல்லித் தீர்த்தாள். ஏரிக்கரை நிலத்துக்கு ஒன்று, இயந்திரத்துக்கு ஒன்று, பல்வலிக்கு ஒன்று. குழந்தைக்கான வசவு மட்டும் வெளியே வரவில்லை. மலையேற்றத்தில் மூச்சு வாங்கியதுதான் காரணம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

இரண்டாம் நாள் ரிமுவாரா குடிலுக்குத்தான் போய்ச் சேரவேண்டியிருந்தது. அங்கே தங்காமல் போய்விடலாமா என்று நினைத்தாள். ஈரப்பனி விழ ஆரம்பித்ததும் உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள். மேடையில் அவன் எங்கே படுத்திருப்பான் என்று யோசித்து, வேண்டுமென்றே அந்த இடத்திலேயே மூட்டையைப் போட்டாள்.

கொஞ்ச நேரத்தில் மூன்று பெண்கள் வந்தார்கள். தெற்கே ஆஸ்பத்திரி ஒன்றில் ஒன்றாக வேலை பார்க்கிறவர்கள். மூத்தவள் பெயர் பில்வி, நல்ல வாயாடி. அவர்கள் மேலங்கியைக் கழற்றி முடிப்பதற்குள் இரண்டு ஆண்கள் வந்தார்கள், மீன் பிடிக்கப் போய்த் திரும்புகிறவர்கள். ஆக ஆறு பேர். ஹில்க்கா முதலில் வந்தவள், சாப்பிட்டவள், காய்ந்தவள். சட்டப்படி எழுந்து போகவேண்டியவள் அவள்தான். பில்விக்குச் சட்டம் தெரியும், அதனால் தயங்கித் தயங்கி அவளைப் பார்த்தாள்.

"நான் போகமாட்டேன்" என்றாள் ஹில்க்கா. "யாரும் எங்கயும் போகவேண்டாம். மீன்காரங்களே, நீங்க ரெண்டு பேரும் மேசைக்கு அடியில. காலை அந்தப் பக்கம் நீட்டுங்க, இந்தப் பக்கம் நீட்டினா மிதிச்சிடுவேன். நீங்க மூணு பேரும் மேல, ஒருக்களிச்சுப் படுங்க. சாக்ஸ் எல்லாம் கயித்துல."

"அம்மா பட்டாளத்துல இருந்தீங்களா?" என்றாள் பில்வி.

"அதைவிட மோசம். பள்ளிக்கூடத்துச் சமையலறை."

சிரித்தார்கள். தொத்திறைச்சி வெந்தது, காப்பி சுற்றி வந்தது, ஆறு பேரின் ஈரத்துணி நாற்றமும் சேர்ந்து குடிலே ஆவியில் வெந்தது. இவ்வளவுதானே, ஒருவரை ஒருவர் தள்ளிக்கொள்ளச் சொன்னால் முடிந்துபோகிற காரியம்தானே என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பு நின்று மறுபடி எரிச்சல் மூண்டது.

அப்போது கதவு தட்டப்பட்டது.

பூட்டில்லாத குடிலின் கதவை எங்கள் பக்கத்தில் யாரும் தட்டமாட்டார்கள். "யாரது, மந்திரி மாளிகைன்னு நினைச்சிட்டியா? தள்ளிட்டு வா!" என்று ஹில்க்கா கத்தினாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு என்சியோ நின்றான். கையில் ஊன்றுகோல், தொப்பியில் ஈரப்பனி, இடுப்புவரை சேறு. அவனுடைய அக்கா மகன் மரலாரிகள் போகும் சாலை முடிகிற இடம்வரை காரில் கொண்டுவந்து விட்டிருக்கிறான். மீதியை அந்த விரலில்லாத காலோடு நடந்து வந்திருக்கிறான். என்சியோ ஹில்க்காவைப் பார்த்தான், அப்புறம் உள்ளே எத்தனை தலை இருக்கிறது என்று பார்த்தான். எண்ணுகிறான் என்பது அவளுக்குத் தெரிந்தது. ரத்தம் தலைக்கேறியது.

"நிறையப் பேர் இருக்கீங்க போலிருக்கு" என்றான். "நான் விறகுக் கொட்டகையில..."

பில்வி எழுந்துவிட்டாள். "ஐயோ, நீங்க வாங்க. நாங்க காஞ்சாச்சு. எங்ககிட்ட கூடாரம் இருக்கு, நாங்க வெளியில போறோம்." மற்ற இரண்டு பெண்களும் சாக்ஸைத் தேட ஆரம்பித்தார்கள். மேசைக்கு அடியிலிருந்து மீன்காரர்களும் நெளிந்து வெளியே வந்தார்கள்.

"அசையக் கூடாது யாரும்!" ஹில்க்கா மேடையிலிருந்து குதித்து இறங்கினாள். "உக்காருங்க எல்லாரும்! இவன் கொட்டகைக்கும் போகமாட்டான், நீங்க கூடாரத்துக்கும் போகமாட்டீங்க. என்சியோ, உனக்கு என்ன வேணும்?"

அவன் வாசலிலேயே நின்றான். ஈரக்காற்று உள்ளே அடித்தது. அடுப்புக் கதவு படபடத்தது.

"எதுக்கு வந்த? இந்தக் காலோட, இந்தப் பனியில. சொல்லு. வாயைத் திறந்து சொல்லு!"

"பரவா..." என்று ஆரம்பித்தான்.

"அந்தச் சொல்லை முழுசாச் சொன்னே, இந்தக் காப்பிச் சட்டியை எடுத்து மண்டையில போடுவேன்."

அவள் செய்யக்கூடியவள் என்பது அங்கே இருந்த அத்தனை பேருக்கும் புரிந்தது. என்சியோவின் தாடை ஆடியது. ஊன்றுகோலை மாற்றிப் பிடித்தான்.

"கால் வலிக்குது" என்றான்.

ஹில்க்கா அவன் காலைப் பார்த்தாள்.

"வலிக்குது, ஹில்க்கா. ஒரு வருஷமா ராத்திரி பகலா வலிக்குது." குரல் அவனுக்கே பழக்கமில்லாத குரலாக வந்தது. "எனக்கு உக்கார இடம் வேணும்."

உடனே எல்லோரும் ஒரு சாண் நகர்ந்தார்கள். ஹில்க்கா கதவை அறைந்து சாத்தினாள். அவனை மேடை ஓரத்தில் உட்காரவைத்து, பூட்ஸைப் பிடுங்கி, நனைந்த பஞ்சை வெளியே எடுத்தாள். தைத்த இடம் சிவந்து வீங்கியிருந்தது. "மடையா, மரமண்டை, இதோடவா நடந்து வந்தே" என்று திட்டிக்கொண்டே தன் கம்பளிச் சட்டையைக் கழற்றிக் காலைச் சுற்றினாள்.

என்சியோ அவள் தலை உச்சியைப் பார்த்துக்கொண்டே பேசினான், மெதுவாக.

"பாப்பா போனப்பவும் வலிச்சுது. ஆஸ்பத்திரியில உன்கிட்ட என்ன சொல்றதுன்னு தெரியல. வீட்டுக்குப் போயி விறகு வெட்டிக்கிட்டே அழுதேன். நீ பாக்கல."

ஹில்க்காவின் கை நின்றது. பில்வி திரும்பி அடுப்பைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

"இதைச் சொல்ல உனக்கு இத்தனை வருஷமா?" ஹில்க்காவுக்குக் கத்தத்தான் வந்தது, கண்ணீரும் கூடவே வந்தது. "நான் மட்டும்தான் அழுதேன்னு நினைச்சு நினைச்சே கிழவியாயிட்டேனேடா, பாவி! ஒரு தரம் என்கூட உக்காந்து அழுதிருந்தா உன் விறகு என்ன ஓடியா போயிருக்கும்?"

"தப்புதான்."

"தப்புதான்! சுலபமா சொல்லிட்டே!"

"பஸ் ஏறாத, ஹில்க்கா."

"என்ன?"

"பஸ் ஏறாத. வீட்டுக்கு வா. எனக்கு நீ வேணும்." மூச்சு வாங்க நிறுத்தி, மறுபடியும் ஆரம்பித்தான். ஏரிக்கரை நிலம் போனது தனக்கு எப்படி இருந்தது என்றான். இயந்திரத்தை மருமகன் ஓட்டிக்கொண்டு போவதை மறைந்து நின்று பார்த்ததைச் சொன்னான். பதக்கம் குத்தியபோது எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது என்றான். பேசப் பேசக் குரல் ஏறிக்கொண்டே போனது.

மேசைக்கு அடியிலிருந்து மீன்காரரில் ஒருவர் தலையை நீட்டினார். "பெரியவரே, கொஞ்சம் மெதுவா. நாங்க தூங்கணும்."

என்சியோ சட்டென்று நிறுத்தினான். மன்னிப்புக் கேட்கப் போகிறவன்போல் அவன் வாய் குவிந்தது.

ஹில்க்கா மேசைப் பக்கம் திரும்பினாள். "நீ வாயை மூடிக்கிட்டுப் படு," என்றாள். "அவன் பேசட்டும்."